அம்மா தன்னைத் தகனம் செய்யச் சொல்கிறார்: கிறிஸ்தவர்களுக்கு இது ஆகுமா?

பெரம்பூர் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. சுகமாகத்தான் இருக்கிறார். ஆனால் அத்தையின் அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு. "என்னை மின்மயானத்தில் வைத்து எரித்துவிடுங்கள். சாம்பலைக் கொண்டுபோய் உங்கள் அப்பா கல்லறையில் வையுங்கள். எனக்காக இடம் கேட்டு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்" என்கிறார். அத்தைக்கு இடம் கிடைக்க நாங்கள் பட்டபாடு அப்படி. ஃப்ரீசர் பெட்டியில் உடல் கிடக்க, அண்ணன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தார். சபைச் சந்தா பாக்கி என்று சொல்லியே அரை நாளை ஓட்டிவிட்டார்கள்.

அம்மா கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அண்ணன் இப்போது பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். "எரிப்பது புறஜாதியார் வழக்கம், உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் செய்ய மாட்டார்கள்" என்று அவர் ஒரே பிடியாக நிற்கிறார். அம்மாவோ, "என்னைப் படைத்தவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்பத் தெரியாதா?" என்று கேட்கிறார். நடுவில் நான்.

வேதம் இதைத் தடை செய்கிறதா? எங்கள் சபைப் போதகரான ஆயர் வந்து ஜெபம் பண்ணுவாரா? சாம்பலைக் கல்லறையில் வைக்க விடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாளை அண்ணாச்சி:

சகோதரி, முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். "பிரேதத்தை எரிக்காதே" என்று ஒரு கட்டளை வேதத்தில் எங்கும் கிடையாது. அடக்கம் பண்ணு என்றும் பொதுவான கட்டளையாக இல்லை. மரத்தில் தூக்கப்பட்டவனை அன்றே அடக்கம் பண்ண வேண்டும் என்று உபாகமம் 21-இல் இருப்பது ஒரு குறிப்பிட்ட சூழலுக்கானது. மற்றபடி இஸ்ரவேலரின் வழக்கம் அடக்கம்தான், அதில் சந்தேகமே இல்லை.

எரித்த சம்பவம் ஒன்று இருக்கிறது. அதை முழுசாக வாசிக்க வேண்டும். இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தர், அதன் முதல் ராஜாவான சவுலின் தலையை வெட்டி, உடலைப் பெத்சானின் மதிலில் தொங்கவிட்டார்கள். கீலேயாத்திலுள்ள யாபேசின் ஆட்கள் ராத்திரி முழுவதும் நடந்துபோய் சவுலின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் இறக்கிக்கொண்டு வந்து, தகனம் செய்து, எலும்புகளை ஒரு மரத்தின்கீழ் அடக்கம் பண்ணி, ஏழுநாள் உபவாசம் இருந்தார்கள். இது 1 சாமுவேல் 31. சவுலுக்குப் பின் ராஜாவான தாவீது அவர்களைக் கண்டிக்கவில்லை. உங்கள் ஆண்டவனாகிய சவுலுக்கு தயவு செய்தீர்கள் என்று சொல்லி ஆசீர்வதித்தான் (2 சாமுவேல் 2:5). பின்னால் அதே எலும்புகளை எடுத்து, பென்யமீன் தேசத்தில் சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் வைக்கிறான்.

அதாவது தகனமும் நடந்தது, அப்புறம் அப்பாவின் கல்லறையில் வைப்பதும் நடந்தது. உங்கள் அம்மா கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே சம்பவத்தை 1 நாளாகமம் 10 சொல்லும்போது எரித்ததைச் சொல்லாமல் அடக்கத்தை மட்டும் சொல்கிறது. ஆகவே இதைத் தகனத்துக்கு ஒரு முன்மாதிரி என்று நீட்ட முடியாது. நெருக்கடியில் மரியாதையோடு செய்த காரியம், அதைத் தேவன் கோபித்துக்கொண்டதாக எங்கும் இல்லை. அவ்வளவு சொல்லலாம்.


சபை ஊழியன்:

அண்ணாச்சி சொன்ன வசனங்களை மதிக்கிறேன். ஆனால் கட்டளை இல்லை என்பதால் வேதத்துக்கு இதில் ஒரு நிலைப்பாடே இல்லை என்று ஆகாது.

ஆபிரகாம் நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து மக்பேலா குகையை வாங்கினார். வாக்குத்தத்த தேசத்தில் அவர் விலை கொடுத்து வாங்கிய முதல் நிலம் மனைவி சாராளின் கல்லறை. யோசேப்பு தன் எலும்புகளைக் கானானுக்குக் கொண்டுபோகச் சத்தியம் வாங்கினார். மோசே அதைச் சுமந்துகொண்டு புறப்பட்டார். எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தில் யோசேப்பின் விசுவாசத்துக்கு அடையாளமாக அதுவும் சொல்லப்படுகிறது. மோசேயைத் தேவனே அடக்கம்பண்ணினார் என்று உபாகமம் 34 சொல்கிறது. நம்முடைய ஆண்டவர் கல்லறையில் வைக்கப்பட்டார்.

நெருப்பு எங்கே வருகிறது பாருங்கள். கொள்ளைப்பொருளைத் திருடிய ஆகானின் குடும்பத்தைக் கல்லெறிந்து சுட்டெரித்தார்கள், அது தண்டனை. ஏதோமின் ராஜாவுடைய எலும்புகளை நீறாகச் சுட்டதற்காக மோவாபின்மேல் நியாயத்தீர்ப்பு வருகிறது, ஆமோஸ் 2:1.

இன்னொன்று. ஞானஸ்நானத்தைப் பற்றிப் பவுல் பேசும்போது, கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம் என்கிறார். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற எங்களுக்கு அது தினமும் கண்ணால் பார்க்கிற காரியம். "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்று 1 கொரிந்தியர் 15-இல் வாசிக்கிறோம். விதையை மண்ணில்தான் போடுவார்கள். எரிந்தவர்களைத் தேவனால் எழுப்ப முடியாது என்று எந்த விசுவாசியும் சொல்லவில்லை, உங்கள் அண்ணனும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நாம் எதைச் சாட்சியாக விட்டுப் போகிறோம் என்பதுதான் கேள்வி.


மறைக்கல்வி ஆசிரியை:

சகோதரரின் ஞானஸ்நான வாதம் கனமானது. ஆதித் திருச்சபையும் அப்படித்தான் நினைத்தது. ரோமில் தகனம் பரவலாக இருந்த காலத்திலேயே கிறிஸ்தவர்கள் இறந்தவர்களை நிலத்தடிக் கல்லறைகளில் வைத்தார்கள்.

ஆனால் அதே ஆதித் திருச்சபையின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்மிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு கொல்லப்பட்டபின் அவர் உடலை எரித்தார்கள். எஞ்சிய எலும்புகளை விசுவாசிகள் பொன்னைவிட மேலாக எண்ணிப் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். 177-இல் லியோனில் மறைசாட்சிகளைக் கொன்றவர்கள், இனி இவர்கள் உயிர்த்தெழவே கூடாது என்று சொல்லி உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். அந்தச் சபை அதனால் நம்பிக்கை இழக்கவில்லை. 410-இல் கோத்தியர் ரோமைச் சூறையாடியபோது பல கிறிஸ்தவர்களின் உடல்கள் அடக்கமில்லாமல் கிடந்தன. அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் வராது என்று அக்காலத்து இறையியலாளர் அகுஸ்தினார் எழுதினார். அடக்கம் இறந்தவருக்கு உதவி என்பதைவிட உயிரோடிருப்பவர்களுக்கு ஆறுதல் என்றார். அதே மூச்சில், பரிசுத்த ஆவி கருவியாகப் பயன்படுத்திய உடலை அலட்சியம் செய்யக்கூடாது என்றும் சொன்னார். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பலர் இன்னும் 'தடை' என்றே நினைக்கிறார்கள். 1886-இல் ரோம் தகனத்தைத் தடை செய்தது. அப்போது இத்தாலியில் திருச்சபைக்கு எதிரானவர்கள், உயிர்த்தெழுதல் என்று ஒன்றில்லை எனக் காட்டுவதற்காகவே தகன சங்கங்களை முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரணம் மங்கிய பிறகு, 1963-இல் தடை நீங்கியது. 1983 திருச்சபைச் சட்டம் 1176-ஆம் எண், அடக்கத்தை வலியுறுத்திப் பரிந்துரைத்துவிட்டு, கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தால் ஒழியத் தகனத்துக்குத் தடையில்லை என்கிறது.

சாம்பல் விஷயத்தில்தான் கண்டிப்பு. 2016-இல் வத்திக்கானிலிருந்து வந்த அறிவுரையின்படி சாம்பலைக் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் வைப்பதோ, பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வதோ, கடலில் காற்றில் தூவுவதோ, நகையில் அடைப்பதோ கூடாது. 2023 டிசம்பரில் ஒரு இத்தாலியக் கர்தினாலின் கேள்விக்குப் பதிலாக, பலருடைய சாம்பலைப் பொதுவான ஒரு புனித இடத்தில் சேர்த்து வைக்கலாம், ஒவ்வொருவர் பெயரும் அங்கே குறிக்கப்பட வேண்டும் என்றார்கள். பெயர் மறைந்துபோகக் கூடாது என்பதில் அத்தனை அக்கறை. உங்கள் அம்மா சாம்பலை அப்பா கல்லறையில் வைக்கச் சொன்னது இந்தப் போதனைக்கு அப்படியே பொருந்துகிறது.


காசிமேட்டான்:

உடல் தானம் செய்தால்? எங்கள் பெரியப்பா மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.


மறைக்கல்வி ஆசிரியை:

தாராளமாகச் செய்யலாம். உறுப்புகளைத் தானமாகக் கொடுப்பது சிறந்த செயல் என்றே கத்தோலிக்க மறைக்கல்வி சொல்கிறது. படிப்பு முடிந்தபின் எஞ்சியதை என்ன செய்வார்கள் என்று கல்லூரியில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


கிழக்கு லண்டன்:

நான் இருக்கும் இங்கிலாந்தில் இறப்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் தகனம்தான். இங்கே வோகிங் என்ற ஊரில் தகனக்கூடம் கட்டியபோது பெரிய எதிர்ப்பு. முதல் தகனம் 1885-இல்தான் நடந்தது. 1944-இல் கான்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் இறந்தபோது அவருடைய உடலையே தகனம் செய்து, சாம்பலைப் பேராலயத்தில் அவர் தகப்பனாரின் கல்லறை அருகே வைத்தார்கள். பேராயரே போன வழி என்பதால் பலருடைய தயக்கம் விலகியது. சி.எஸ்.ஐ.க்கு ஆங்கிலிக்கப் பாரம்பரியமும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இங்கே தகனக்கூடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஆராதனையை முடித்தாக வேண்டும். அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்கும். ஒரு பாட்டு, ஒரு வாசகம், திரை மூடிவிடும். பிறகு சாம்பல் கலசம் வீட்டுக்கு வரும். எங்கே வைப்பது என்று அண்ணன் தம்பிகள் பேசி முடிவெடுக்காமல் வருடக்கணக்காக அலமாரியில் இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். பிள்ளைகள் கல்லறைத் திருநாளுக்கு எங்கே போவார்கள்? தகனம் செய்தால் சாம்பலுக்கு இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.


கீழ்ப்பாக்கம் வாசி:

சென்னையில் இடப் பிரச்சினை நிஜம். கீழ்ப்பாக்கம் கல்லறையில் புது இடம் கிடைப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. குடும்பக் கல்லறை இருப்பவர்கள் குறிப்பிட்ட காலம் கழித்து அதையே திறக்கிறார்கள். மும்பையில் இன்னும் நெருக்கடி. சில வருடங்களில் எலும்பை எடுத்துச் சுவரில் உள்ள சிறு மாடத்துக்கு மாற்றிவிட்டு அதே குழியை அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். ஒரு குடும்பக் கல்லறையில் பெட்டி ஒன்றோ இரண்டோதான் வைக்க முடியும். கலசங்கள் என்றால் பல வைக்கலாம்.

2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரை அடக்கம் பண்ண விடாமல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது இதே சென்னையில்தான். கடைசியில் நண்பரான இன்னொரு மருத்துவரும் இரண்டு ஊழியர்களுமாக ராத்திரியில் வேலங்காடு இடுகாட்டில் புதைத்தார்கள். கீழ்ப்பாக்கம் கல்லறையில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக அவர் மனைவி வழக்கு நடத்தி, 2021-இல் உயர் நீதிமன்ற அனுமதி வாங்கினார். ஒரு மனிதனை எங்கே வைக்கிறோம் என்பது அவர் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது ஊரே பார்த்தது.


மன்னார்க்காரி:

நான் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். இதை வேறு கோணத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையில் 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானியில், அதாவது அரசிதழில், அறிவித்தல் வந்தது. இரண்டு முறையும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பெரும் துயரம் முஸ்லிம் குடும்பங்களுக்கு. பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். அடக்கம் பண்ண விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அதே கதிதான். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அதை மாற்றினார்கள். உடனே உடல்களை இரணைதீவில் புதைக்கலாம் என்றார்கள். அந்தத் தீவில் இருப்பவர்கள் கத்தோலிக்கத் தமிழ் மீனவர்கள். 1992-இல் இடம்பெயர்ந்து, போராடி, 2018-இல்தான் ஊர் திரும்பியவர்கள். எங்களிடம் கேட்காமல் எங்கள் தீவை எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று அவர்கள் போராடினார்கள். பிறகு கிழக்கு மாகாணத்து ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். 2024-இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அந்தத் தாய்மாருக்கு அது எதைத் திருப்பிக் கொடுக்கும்?

அதனால் எனக்குத் தகனம் என்றாலே மனம் பதறும். ஆனால் அங்கே நடந்தது பலவந்தம். உங்கள் அம்மா சுயநினைவோடு, விசுவாசத்தோடு, இடமும் சொல்லிக் கேட்கிறார். இரண்டும் ஒன்றில்லை, அக்கா. அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


ஆலப்புழை மருமகள்:

மன்னார் சகோதரி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அதே 2020-இல் வேறு மாதிரி நடந்தது. ஆலப்புழை மறைமாவட்டத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கொரோனா விதிப்படி ஆழமாகத் தோண்ட வழியில்லை. ஜூலையில் மறைமாவட்டத்தின் ஆயர் (பிஷப்) பேசி முடிவெடுத்து, கோயில் கல்லறைத் தோட்டத்திலேயே தகனம் செய்து சாம்பலை அங்கேயே அடக்கம் பண்ண அனுமதித்தார். குடும்பங்களைக் கேட்டு, சாமியார் நின்று ஜெபித்து, சொந்த மண்ணில் நடந்தது. கேரளத்தில் அது அப்போது பெரிய செய்தி.


மலைக்கோட்டை:

எல்லாரும் இடமில்லை இடமில்லை என்கிறீர்கள். இடம் இருந்தும் பிரித்து வைத்த கதையையும் பேசுங்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கச் சுவர் கட்டினார்கள். உயிர்த்தெழுதலுக்கு அடையாளம் என்று நாம் சொல்லும் அதே இடத்தில் சுவர்! என் தாத்தாவும் ஒரு கிராமத்தில் அப்படி ஓரத்தில்தான் கிடக்கிறார். மின்மயானத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்பது டோக்கன்தான். அதனாலேயே எனக்குத் தகனம் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். சபைக் கல்லறை எல்லாருக்கும் ஒன்றாகும் நாளில் என் பிள்ளைகள் வேறு முடிவு எடுக்கட்டும்.


பாளை அண்ணாச்சி:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. நெல்லைச் சீமையிலும் இது உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கிராமத்துச் சுடுகாடும் சாதி வாரியாகத்தானே பிரிந்து கிடக்கிறது? எரித்தாலும் புதைத்தாலும் இது கூடவே வருகிறது. சுவரை இடிக்கச் சொல்வதை விடாதீர்கள். உங்கள் தாத்தா கிடக்கும் இடத்துக்கு ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும், கல்லறைத் திருநாளில், ஊரே போய் நிற்கும்படி செய்ய வேண்டியது எங்களைப் போன்ற மூத்தவர்கள் வேலை.


சபை ஊழியன்:

மலைக்கோட்டை சகோதரருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தச் சுவர் கர்த்தருக்கு அருவருப்பு.

ஆனால் இன்னொரு பயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களைப் போன்ற சுயாதீன சபைகளுக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. பெரிய சபைகளின் தோட்டத்தில் எங்கள் மக்களுக்கு இடம் தருவதில்லை. சத்தீஸ்கரில் ஒரு கிராமத்துப் போதகர் 2025 ஜனவரி 7-ஆம் தேதி இறந்தார். சொந்த ஊரில் அடக்கம் பண்ண விடவில்லை. உடல் பிணவறையில் கிடக்க, மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 27-ஆம் தேதி இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் அவருடைய சொந்த நிலத்திலேயே புதைக்கலாம் என்றார், மற்றவர் கிறிஸ்தவர்களுக்கென்று ஒதுக்கிய கல்லறைக்குத்தான் போக வேண்டும் என்றார். கடைசியில் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிறிஸ்தவக் கல்லறையில்தான் அடக்கம் நடந்தது.

அந்நியனாக இருந்த ஆபிரகாம் இலவசமாகக் கொடுக்க வந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லி, சாட்சிகள் முன்னால் விலை கொடுத்து வாங்கியதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நகரத்தில் வசதி உள்ளவர்கள் எரித்துக்கொள்ளலாம் என்று பழகிவிட்டால், நாளைக்கு கிராமத்து ஏழை விசுவாசி ஆறடி மண் கேட்கும்போது, "உங்கள் ஆட்களே எரிக்கிறார்களே, உனக்கு மட்டும் என்ன?" என்பார்கள். அதனால்தான் நான் இன்னும் அடக்கத்தின் பக்கம் நிற்கிறேன்.


மறைக்கல்வி ஆசிரியை:

இந்தப் பயத்தை நானும் ஏற்கிறேன், சகோதரரே. கல்லறை நிலத்துக்கான உரிமையைச் சபைகள் எல்லாம் சேர்ந்து கேட்க வேண்டும். தகனத்துக்கு அனுமதி என்பது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதற்குச் சாக்காக மாறவே கூடாது. ஆனால் அந்தப் பாரத்தை ஒரு 78 வயது அம்மாவின் தலையில் வைக்க முடியாது. தன் பிள்ளைகள் அலையக்கூடாது என்பதுதான் அவர் கவலை.


பெரம்பூர் மகள்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணனும் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தார். யாபேசின் ஆட்கள் கதையை அவர் இதுவரை அடக்கத்தோடு சேர்த்து யோசித்ததில்லையாம். அம்மாவிடம் தனியாகப் போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. "கோயிலில் பெட்டியை வைத்து முழு ஆராதனை நடக்க வேண்டும், சாம்பல் மறுநாளே அப்பா கல்லறைக்குப் போக வேண்டும், இது இரண்டும் நடந்தால் நான் தடுக்க மாட்டேன்" என்கிறார். அம்மாவுக்கும் சம்மதம். யாரிடம் என்ன கேட்க வேண்டும்?


பாளை அண்ணாச்சி:

நல்லது. முதலில் உங்கள் ஆயரிடம் நேரில் பேசுங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள். சி.எஸ்.ஐ.யில் தகனம் பாவம் என்று போதனை இல்லை. ஆனால் பழக்கமில்லாததால் சில ஆயர்கள் தயங்குவார்கள். அம்மாவே சொன்னால் தயக்கம் போகும். கோயிலில் வழக்கமான அடக்க ஆராதனை, மின்மயானத்தில் சுருக்கமான ஜெபம், சாம்பலை வைக்கும்போது கல்லறையில் ஒப்புக்கொடுக்கும் ஜெபம் என்று மூன்றுக்கும் வருவாரா எனக் கேளுங்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விடவே கூடாது.

அடுத்தது கல்லறை அலுவலகம். அப்பாவின் கல்லறை ரசீது, அவருடைய இறப்புச் சான்றிதழ், குடும்ப உறவைக் காட்டும் அட்டை எடுத்துப் போங்கள். கலசம் வைக்க அனுமதி உண்டா, மேல் கல்லைத் திறக்க யார் ஆள் தருவார்கள், கட்டணம் எவ்வளவு என்று இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அத்தை விஷயத்தில் நடந்தது மறுபடி நடக்கக்கூடாது. சந்தா பாக்கி இருந்தால் அதையும் இந்த வாரமே கட்டிவிடுங்கள்.


கீழ்ப்பாக்கம் வாசி:

ஒன்று சேர்க்கிறேன். மயானத்தில் ஒரே நாளில் பல உடல்கள் வரும். சாம்பல் கலந்துவிடாமல் டோக்கன் எண்ணைப் பார்த்து வாங்க, வீட்டு ஆள் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு மூன்று கிலோ வரை இருக்கும், மூடியுள்ள மண் கலசமோ மரப்பெட்டியோ கொண்டுபோங்கள். கல்லில் அம்மா பெயரைப் பொறிக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அப்பா பெயருக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.


பெரம்பூர் மகள்:

இருக்கிறது அய்யா. அப்பா இறந்தபோதே அம்மா கொத்தனாரிடம் சொல்லிப் பாதிக் கல்லைக் காலியாக விடச் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பார்க்கிறோம். அண்ணனும் வருகிறார். அவர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.